கோட்டில் தைத்த விமானம்

சென்ற மாதம் ரைட் சகோதரர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடமிருந்து உடனே கடிதம் வந்தது. “பிரேசில்காரர்களைக் கேட்டால் சாந்தோஸ் துமோன்தான் முதலில் பறந்தவர் என்பார்களாமே, அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே” என்று மனத்தாங்கலோடு கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. யார் முதலில் என்ற வழக்குக்குள் இப்போது நான் போகவில்லை. அல்பெர்த்தோ சாந்தோஸ் துமோன் என்ற பெயரைக் கேட்டாலே என் நினைவுக்கு வருவது ஒரு கோட்டு. அந்தக் கோட்டைப் பற்றி எழுத எனக்குப் பல நாளாக ஆசை. ஆசிரியர் வழி திறந்துவிட்டார்.

1873-இல் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் அவர். அப்பா ஹென்றிக் துமோன் பெரிய காப்பித் தோட்ட முதலாளி. தோட்டத்துக்குள்ளேயே ரயில் ஓடியது. பையன் பன்னிரண்டு வயதிலேயே அந்த எஞ்சினை ஓட்டினான். காப்பிக் கொட்டையைத் தரம் பிரிக்கும் ஆலைதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். அங்கே முன்னும் பின்னும் ஆடும் சல்லடைகள் எப்போது பார்த்தாலும் பழுதாகிக் கிடக்கும்; சுற்றிச் சுழலும் சக்கரங்களோ சிணுங்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆடுவதைவிடச் சுழல்வதே நல்லது என்ற முடிவுக்குத் தான் வந்தது அங்கேதான் என்று பின்னால் தன் புத்தகத்தில் எழுதினார். எங்கள் ஊர் ரைஸ் மில்லில் ஆடும் சல்லடைக்கு அடியில் வாரம் ஒருமுறை யாராவது ஸ்பானரோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வரியைப் படித்தபோதே அவர் எனக்கு வேண்டியவராகிவிட்டார்.

அப்பா விபத்தில் சிக்கி உடம்பு முடங்கியதும் தோட்டத்தை விற்றார். மகனுக்குச் சேரவேண்டிய பங்கைக் கையில் கொடுத்து, பாரிஸுக்குப் போய் இயந்திரக் கலை படி என்று அனுப்பினார். 1898-இலிருந்து வாயு நிரப்பிய பைகளுக்கு அடியில் பெட்ரோல் எஞ்சினைக் கட்டிப் பாரிஸ் வானத்தில் இவர் ஓட்டத் தொடங்கினார். ஆள் ஒல்லி, குள்ளம், ஐம்பது கிலோ தேறினால் அதிகம். உயரமான காலர், கோடு போட்ட சூட்டு, தலையில் பனாமா தொப்பி.

1901 ஆகஸ்டில் ஒரு ஹோட்டல் கூரையில் மோதித் தொங்கினார். தீயணைப்பு வீரர்கள் கயிறு போட்டு மீட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்பு ஒரு பணக்காரரின் தோட்டத்து மரத்தில் சிக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டில் வசித்தவர், நாடு கடத்தப்பட்டிருந்த பிரேசில் இளவரசி இசபெல். மரத்தின் மேலிருந்தவருக்கு மதியச் சாப்பாடு அனுப்பி, பிறகு விபத்திலிருந்து காக்கட்டும் என்று புனித பெனடிக்ட் பதக்கம் ஒன்றையும் அனுப்பிவைத்தார். அதை அவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

அந்த ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, சேன் கிளூவிலிருந்து கிளம்பி ஈபெல் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு முப்பது நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற போட்டியில் வென்றார். எல்லைக்கோட்டைக் கடந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதா, தரையில் கயிற்றைப் பிடித்த நேரத்தை எடுப்பதா என்று நடுவர்கள் பல நாள் வாதாடிய பிறகே பரிசு கைக்கு வந்தது. ஒரு லட்சம் பிராங்கு. ஒரு காசுகூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தன்னோடு உழைத்தவர்களுக்கு ஒரு பகுதி. மீதி பாரிஸ் ஏழைகளுக்கு, அதிலும் அடகுக் கடையில் கிடந்த தொழிலாளர்களின் கருவிகளை மீட்டுக் கொடுப்பதற்கு.

இதைப் படித்தபோது எங்கள் தெருத் தையல்காரர் நினைவுக்கு வந்தார். ஒரு வருஷம் மகளின் வைத்தியச் செலவுக்காக மெஷின் தலையைக் கழற்றி அடகு வைத்துவிட்டார். தீபாவளி வந்தது. தைக்கக் கொடுக்கத் துணியோடு வந்தவர்கள், மேசை வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நகையை அடகு வைத்தால் உழைத்து மீட்கலாம். கருவியையே அடகு வைத்தவன் எதைக்கொண்டு உழைப்பான்? கோடீஸ்வரர் வீட்டில் பிறந்தவருக்கு இந்த முடிச்சு புரிந்திருந்தது. அதனால்தான் அவர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

இனி கைக்கடிகாரம். இவர் பெயரை இன்று உலகம் உச்சரிப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். அந்தக் காலத்து ஆண்கள் கடிகாரத்தைச் சங்கிலியில் கோத்து வெயிஸ்ட் கோட்டுப் பையில் வைத்திருப்பார்கள். அதை எடுக்க, மூடியைத் திறக்க, பார்க்க, திரும்ப வைக்க ஒரு கை வேண்டும். வானத்தில் இரண்டு கையும் விசைகளில் இருக்கும். இந்தச் சங்கடத்தை நண்பர் லூயி கார்த்தியேவிடம் சொல்ல, 1904-இல் அவர் தோல்வாரில் கட்டிய சதுரக் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். உலகின் முதல் கைக்கடிகாரம் இதுதான் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. பெண்கள் அதற்கு வெகு காலம் முன்பே கட்டியிருக்கிறார்கள். போயர் போரில் சிப்பாய்களும் பைக் கடிகாரத்தை வாரில் பிணைத்து மணிக்கட்டில் கட்டினார்கள். ஆண்கள் தயங்காமல் கட்டிக்கொள்ளும் வழக்கத்துக்குப் பாரிஸில் இவர் மணிக்கட்டு ஒரு பெரிய விளம்பரமானது, அவ்வளவுதான்.

என் அப்பா பஸ் டிரைவர். அவருடைய எச்.எம்.டி. வாட்சின் முகப்பு எப்போதும் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, கையைத் திருப்பாமல், மணி பார்க்க வேண்டுமே! அடுத்த பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் காத்திருப்பார். பல டிரைவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள். சாந்தோஸ் துமோனின் கடிகாரக் கதையை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோட்டுக்கு வருகிறேன்.

பறக்கும் இயந்திரத்துக்கு மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். மூக்கை ஏற்றி இறக்க ஒன்று, இடம் வலம் திருப்ப ஒன்று, ஒரு பக்க இறக்கை தாழ்ந்தால் நிமிர்த்த ஒன்று. நமக்கு இருப்பதோ இரண்டு கைகள். மூன்றாவது வேலையை யாரிடம் கொடுப்பது? அன்றைய விமானிகள் பலர் உடம்பிடமே கொடுத்தார்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் ஓட்டுபவர் குப்புறப் படுத்து, இடுப்பை ஒரு தொட்டிலில் வைத்து அசைப்பார். அமெரிக்காவில் கிளென் கர்ட்டிஸ் தோளில் நுகம் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டார். சாந்தோஸ் துமோன் தையல்காரரின் ஊசியை நாடினார்.

1906 நவம்பர் 12-ஆம் தேதி பாரிஸின் பகத்தெல் மைதானத்தில் 220 மீட்டர் பறந்த ‘14-பிஸ்’ விமானத்தில் பிரம்புக் கூடைக்குள் நின்றபடி ஓட்டினார். இறக்கை முனைகளில் இருந்த சிறு பலகைகளை அசைக்கும் கம்பிகள் அவர் உடம்பில் மாட்டிய வாரோடு இணைந்திருந்தன. பின்னால் வந்த ‘தெம்வாசெல்’ விமானம் இன்னும் அழகு. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கன்னிப்பெண் என்றும் பொருள், தட்டாரப்பூச்சி என்றும் பொருள். மூங்கில் உடல், பட்டு இறக்கை, எடை சுமார் 110 கிலோ. இறக்கைக்கு அடியில் கித்தான் துணிப் பட்டை ஒன்றுதான் இருக்கை. ஒரு கையில் ஏற்ற இறக்கத்துக்கான விசை, மறு கையில் திசை திருப்பும் சக்கரம். முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு நெம்புகோல் நிற்கும். கோட்டின் முதுகில் நீளவாக்கில் ஒரு பை தைத்திருப்பார்கள். உட்காரும்போது நெம்புகோல் அந்தப் பைக்குள் நுழைந்துகொள்ளும். அதன் அடியிலிருந்து கம்பிகள் இறக்கைகளின் பின்விளிம்புக்குப் போகும்.

இதன் நேர்த்தியைக் கவனியுங்கள். இடது இறக்கை தாழ்கிறது. விழப்போகிறோம் என்ற பயத்தில் உடம்பு தானாகவே வலப்பக்கம் சாயும். கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, தொட்டில் பிள்ளைக்கும் அது தெரியும். சாய்ந்த முதுகு நெம்புகோலை இழுக்கிறது, கம்பி இடது இறக்கையின் பின்விளிம்பைக் கீழே முறுக்குகிறது. அந்தப் பக்கம் காற்றின் தூக்கு விசை கூடுகிறது, இறக்கை நிமிர்கிறது. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் இறக்கையும் பழைய நிலைக்கு வந்துவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் அப்பா பஸ்ஸை வளைக்கும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்வோம். பஸ் எங்கள் பேச்சைக் கேட்காது. தெம்வாசெல் கேட்கும்.

அப்படியானால் அந்தக் கோட்டு உடையா, உதிரிப் பாகமா? கோட்டைக் கழற்றினால் விமானத்தின் ஒரு பகுதியையே கழற்றியதாகிவிடும். கையால் பிடிக்கும் விசைத்தடியும் காலால் மிதிக்கும் பலகையும் வழக்கமான பிறகு இந்த ஏற்பாடு வழக்கொழிந்தது. ஆனால் உடம்பின் அச்சத்தையே இயந்திரத்தின் விசையாக மாற்றிய அந்தத் தையலைவிட எளிமையான ஒன்றை நான் எந்த இயந்திரத்திலும் கண்டதில்லை.

இவ்வளவையும் யோசித்தவர் அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று வரைபடத்தைக் கொடுத்துவிட்டார். 1910-இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் அதை அளவுகளோடு வெளியிட்டது. டென்னிஸ் ரசிகர்கள் ரோலன் காரோஸ் என்ற பெயரை அறிவார்கள்; அந்த விமானி பறக்கப் பழகியது தெம்வாசெல்லில்தான். ஆனால் இன்று சாந்தோஸ் துமோன் பெயரோடு நகைக்கடைக் கண்ணாடிக்குள் மின்னுவது பல லட்ச ரூபாய்க் கடிகாரம். இலவசமாகக் கொடுத்த வரைபடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

1910-இல் நரம்பு நோய் அவரைத் தரைக்கு இறக்கியது. 1914-இல் கடற்கரை வீட்டில் தொலைநோக்கி வைத்து வானம் பார்த்தவரை, ஜெர்மன் உளவாளி என்று சந்தேகித்து வீட்டைச் சோதனை போட்டார்கள். மனம் உடைந்து தன் காகிதங்களை எரித்துவிட்டார். விமானத்தைப் போர்க்கருவியாக்கக் கூடாது என்று 1926-இல் உலக நாடுகள் சங்கத்துக்கு (லீக் ஆஃப் நேஷன்ஸ்) எழுதினார், கேட்பார் இல்லை. 1932 ஜூலையில், சாவோ பாவ்லோ கிளர்ச்சியில் சொந்த நாட்டு விமானங்களே சொந்த மக்கள்மேல் குண்டு போட்ட நாட்களில், குவாருஜா ஊர் ஹோட்டல் அறையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். உடலைப் பதப்படுத்திய மருத்துவர் இதயத்தை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். ரியோவில் விமானப்படை அருங்காட்சியகத்தில், சிறகு விரித்த மனித உருவம் ஒன்று ஏந்தி நிற்கும் பொன்னிறக் கோளத்துக்குள் அது இருக்கிறது.

பெரியவர்களின் பொருட்களை நாம் வைத்திருக்கும் விதம் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஒரு நினைவில்லத்தில் மூக்குக்கண்ணாடி, பேனா, செருப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. ‘இவர் பயன்படுத்தியது’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே அட்டை. எப்படிப் பயன்படுத்தினார், ஏன் செருப்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்பாவின் வாட்சை என் மகன் ஒருநாள் எடுத்து முகப்பு வெளியே தெரியக் கட்டிக்கொண்டான். வாரில் பழைய மடிப்பு வேறு மாதிரி இருக்கிறதே என்று அவனே கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: இத்தனை வருஷமாக நான் அவனிடம் சொல்லவே இல்லை.

பெத்ரோபொலிஸ் நகரத்தின் செங்குத்தான சரிவில் 1918-இல் அவர் தனக்கென்று கட்டிய சின்ன வீடு இப்போது அருங்காட்சியகம். சமையலறை கிடையாது, சாப்பாடு எதிர் ஹோட்டலிலிருந்து வரும். ஆல்கஹால் அடுப்பில் வெந்நீர் காய்ச்சும் ஷவர் உண்டு. அதைவிட முக்கியம் படிகள். பரண் ஏணி மாதிரிச் செங்குத்தாக ஏறும்போது மேல்படியின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடிக்கும். ஒரு படியில் ஒரு கால்தானே வைக்கிறோம், மறுபாதி எதற்கு என்று ஒவ்வொரு படியிலும் பாதியை வெட்டி எடுத்துவிட்டார். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி. வாசல் படிக்கட்டில் முதல் படிக்கு வலது பாதி மட்டும்தான் உண்டு. நூறு வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும், விளக்க அட்டை எதையும் படிக்காமலே, அவர் வைத்தது போல வலது காலை எடுத்து வைத்துத்தான் ஏறுகிறார்கள்.