உங்களுக்குத் தெரியுமா? மீனின் வாலடியில் சிவப்பு நூல்!

கப்பி மீனின் கழிவுத் துளையில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அது மலமல்ல, கமல்லானஸ் என்னும் குடற்புழு. குளத்து நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய ஓட்டுடலி வழியே மீனுக்குள் நுழையும். தொட்டிக்குள் வந்துவிட்டால் நேரடியாகவும் பரவும். 2000-இல் இந்தியாவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட நரம்புச்சிலந்திப் புழு இதன் தூரத்து உறவு. அதற்கும் சைக்ளாப்ஸ்தான் வாகனம்!

மருந்து, ஆட்டுக்குக் கொடுக்கும் லெவமிசோல்தான். கால்நடை மருந்துக் கடையில் கேட்கலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கை அணைத்து 24 மணி நேரம். இது புழுவை முடக்கும், அவ்வளவே. வெளியே விழுந்தவற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, தண்ணீரையும் மாற்றுங்கள். 3 வாரத்தில் மறுமுறை. நாடாப்புழுவென்றால் பிராசிகுவாண்டல் வேண்டும். ஆட்டு மருந்தில் வேறு மருந்தும் கலந்திருக்கலாம். லேபிளைப் படிக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.