நாய்ப் பூங்காவில் ஒரு பந்தயம்

நாய்களைச் சங்கிலி அவிழ்த்து ஓடவிடுவதற்கென்றே ஒரு பூங்கா! கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்கிலி நகரில் 1979-இல் அப்படி ஒன்று தொடங்கப்பட்டது. சுரங்க ரயில் பாதைக்காக வீடுகளை இடித்த நிலத்தில் உருவான ஒலோனி பூங்காவின் ஒரு பகுதி அது. முதலில் சோதனை முறையில்தான் இடம் கிடைத்தது. அக்கம்பக்கத்தார் சங்கம் அமைத்து அதைப் பேணினர்; சேறாகாமலிருக்க மரச்சீவல் பரப்பினர், கழிவை அள்ளப் பைகள் வைத்தனர்.

இத்தகைய பூங்காக்களின் வாயிலில் இரட்டைக் கதவு இருக்கும். ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். (கப்பல் கால்வாய் மதகுகளும் இப்படித்தான், பௌதிக ஆசிரியனுக்கு அதுதான் நினைவுக்கு வரும்!)

ஆனால் பைகளைக் கவனியுங்கள். நாயின் குடலில் டாக்சோகாரா என்னும் உருளைப்புழு வாழக்கூடும். மலத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் உடனே நோய் தருவதில்லை. உள்ளே இளம்புழு வளரச் சிறிது காலம் ஆகும். அதற்குள் அள்ளிவிட வேண்டும். அதுதான் பந்தயம். தவறினால் மலம் மழையில் கரைந்துவிடும். தடித்த ஓடுள்ள முட்டையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினிக்கும் அது மசியாது. மண்ணில் விளையாடிய குழந்தை கை கழுவாமல் வாயில் வைத்தால், இளம்புழு ஈரலுக்கும், சில சமயம் கண்ணுக்கும் சென்றுவிடும். பார்வை இழந்தவர்களும் உண்டு.

நாய்க்குட்டிகளிடம் இப்புழு அதிகம். பிறக்குமுன்பே தாயிடமிருந்து தொற்றுகிறது. உங்கள் வீட்டில் குட்டி இருக்கிறதா? பூச்சி மருந்து எப்போது கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.