48 மணி நேரத்துக்குள் ஒரு செய்தி



பள்ளியில் சேர்க்கவும் வயதை நிரூபிக்கவும் பிறப்புச் சான்றிதழ் தேவை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் ஒரு பிறப்பை உரிய நேரத்தில் தெரிவிப்பது அந்தக் குழந்தையின் உயிரையே காக்க உதவும் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற ஆலை நகரம் இதை நமக்குக் கற்றுத் தருகிறது.

1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 150-க்கு மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணாமல் மரித்தன. வயிற்றுப்போக்கு அதற்கு ஒரு முக்கிய காரணம். நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய பால்புட்டிகள் அப்போது புழக்கத்தில் இருந்தன. அந்தக் குழாயை உள்ளே சுத்தம் செய்யவே முடியாது. கோடையில் கிருமிகள் அதில் பெருகும்.

தாய்ப்பாலின் மேன்மையை எடுத்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறப்பைப் பதிவு செய்ய, சட்டம் பெற்றோருக்கு 42 நாட்கள் அவகாசம் கொடுத்திருந்தது. செய்தி வந்து சேருமுன் சில குழந்தைகள் மரித்துவிடும். சில தாய்மார் புட்டிப்பாலுக்கு மாறியிருப்பார்கள்.

1904-ல் ஹடர்ஸ்ஃபீல்டின் மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியில் தம் பதவிக்காலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வயதை எட்டினால் ஒரு பவுண்டு தருவதாக வாக்களித்தார். நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் சாம்சன் மூரும் அவரும் சேர்ந்து அடுத்த படியை எடுத்தார்கள். பிறப்பை 48 மணி நேரத்துக்குள் முதலில் தெரிவிப்பவருக்கு ஒரு ஷில்லிங் கொடுக்கப்பட்டது. 1906-ல் அந்நகருக்கென நிறைவேறிய சட்டம் இதைக் கட்டாயமாக்கியது.

செய்தி கிடைத்ததும் பெண் மருத்துவர் ஒருவர் அவ்வீட்டுக்குச் செல்வார். பின்னர் தன்னார்வப் பெண்கள் தொடர்ந்து போய்ப் பார்ப்பார்கள். தாயைக் குற்றப்படுத்துவதற்காக அல்ல, தன் வீட்டில் தன் குழந்தையைத் தானே பாலூட்டி வளர்க்க அவளுக்குத் துணைநிற்கவே அவர்கள் சென்றார்கள்.

1907-ல் நாட்டுக்கே ஒரு சட்டம் வந்தது. பிறப்பை 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. விரும்பிய ஊர்கள் மட்டும் அதை ஏற்கலாம் என்றிருந்த நிலை மாறி, 1915-ல் அது எங்கும் கட்டாயமாயிற்று.

1910-ல் சிசு மரணம் 1000-க்குச் சுமார் 105 ஆகக் குறைந்தது. கடும் வெப்பம் நிலவிய 1911-ல் மீண்டும் 130-ஐத் தொட்டது. ஆகவே முன்னறிவிப்பு ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. நல்ல தண்ணீரும், கழிவுநீர் வசதியும், சுத்தமான பாலும் சேர்ந்தே பலன் தந்தன. ஆனால் செய்தி காலத்தோடு வராவிட்டால், உதவி எந்த வாசலைத் தட்டும்?

பதிவேட்டில் ஏறும் பெயர் சட்டத்துக்குப் போதும். அந்தப் பெயரைத் தேடி ஒருவர் வீட்டுக்குப் போகும்போதுதான் அது குழந்தைக்குப் பயன்படுகிறது. நம் தெருவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி கேட்டால், நாமும் தாமதமின்றி அந்த வாசலுக்குச் செல்வோமாக.