நாற்றங்காலை மேயும் படைப்புழு



ஒருநாள் காலையில் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "சார், ராத்திரி யாரோ மாட்டை அவுத்து விட்டுட்டாங்க. நாற்றங்கால் மொட்டையாப் போச்சு" என்றார். பக்கத்து வயல்காரர் மேல் அவருக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தேன். குளம்படி ஒன்றுகூட இல்லை. மண்கட்டியைப் புரட்டினால், அடியில் பச்சையும் பழுப்புமாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன!

இதுதான் நெல்லின் படைப்புழு. 2018-இல் நம் நாட்டுக்குள் வந்து மக்காச்சோளத்தைத் தாக்குகிற படைப்புழு வேறு. இது நமக்குப் பழைய எதிரி. இதன் சொந்த வீடு புல்தரை. ஹவாய்த் தீவுகளில் இதைப் புல்தரைப் படைப்புழு என்றே அழைக்கிறார்கள்.

தாய் அந்துப்பூச்சி பழுப்பு நிறம். இரவில் பறக்கும், விளக்கைத் தேடி வரும். புல்லிலும் நாற்றிலும் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பு ரோமத்தால் மூடி வைக்கும். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். பொரித்த புழு ஏறக்குறைய மூன்று வாரம் தின்று வளரும். சிறுசாக இருக்கும்போது இலையைச் சுரண்டுவதோடு சரி, நம் கண்ணில் படாது. கடைசி நாட்களில்தான் பெரும்பசி! பகலில் பதுங்கி, இரவில் மேய்ந்து, ஒரு வயல் தீர்ந்ததும் படையாக அடுத்த வயலுக்கு நகரும். பிறகு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும்.

வறட்சிக்குப் பின் கனமழை பெய்து புல் தளிர்க்கும் சமயத்தில்தான் இது அதிகம் பெருகும். அப்போது என்ன செய்யலாம்?

வரப்புப் புல்லைச் செதுக்கி விடுங்கள். முட்டைக் குவியல் தெரிந்தால் இலையோடு கிள்ளி அழியுங்கள். நாற்றங்காலில் தண்ணீரை ஏற்றிக் கட்டினால், பதுங்கிய புழு மேலே வரும்; கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும். வாத்து விட்டாலும் நல்லது. தாக்கிய வயலைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிறுத்தினால், படை தாண்டாது. மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால், வேளாண்மை அலுவலரைக் கேட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, சாயங்காலம் அடியுங்கள். பகலில் அடித்தால் பதுங்கிய புழு மேல் படாது.

அந்த வாய்க்காலை, பெரியவரும் பக்கத்து வயல்காரரும் சேர்ந்துதான் வெட்டினார்கள். மிச்சமிருந்த நாற்று பிழைத்தது, சண்டையும் தீர்ந்தது.