கடலறிவோம் – 9: சிவப்புக்குக் கீழே வெள்ளை

சென்ற வாரம் திசைகாட்டியைப் பார்த்தோம். நாம் எங்கே போகிறோம் என்று நமக்குச் சொல்வது அது. இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் படகு விளக்கு, அதே சங்கதியை எதிரே வருகிறவனுக்குச் சொல்வது. இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான், கரையில் விளக்குப் பேச்சை எடுத்தாலே, "லைட்டு இருக்குதே சார், பகல் மாதிரி எரியுதே" என்று பதில் வருகிறது. பகல் மாதிரி எரிவதுதான் சிக்கல்.

குமரிமுனைக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்னும் மீன்மேடு இருக்கிறது. இரவில் நம் ஆட்கள் வலைவிட்டும் தூண்டில் போட்டும் கிடக்கும் அந்தப் பக்கமாகத்தான் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் இடையில் கப்பல்கள் போய்வருகின்றன. ஒரு பெரிய சரக்குக் கப்பலின் மேல்தளத்தில், நீர்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில், ஓர் அதிகாரி இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று வையுங்கள். அவரிடம் ராடார் உண்டு. ஆனால் ஃபைபரும் மரமும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. கடல் சற்றுத் துள்ளினால் போதும், படகின் புள்ளி அலைகளின் புள்ளிகளோடு கலந்துவிடும். மிச்சம் இருப்பது விளக்குதான். கப்பல் மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வருகிறது. நம் விளக்கு 2 கடல் மைல் தூரத்தில் அவர் கண்ணில் பட்டால், கையில் இருப்பது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் அது என்ன படகு, எந்தப் பக்கம் போகிறது, நகருமா நகராதா என்று அவர் முடிவுசெய்தாக வேண்டும்.

அந்த முடிவை விரைவாக எடுக்கத்தான் நிறமும் கோணமும். பச்சை, சிவப்பு ஏற்பாடு பழையது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை 1848இலேயே நீராவிக் கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இன்று உலகம் முழுக்கச் செல்லுபடியாவது 1972இல் ஒப்புக்கொள்ளப்பட்டு, 1977 ஜூலை 15இல் நடைமுறைக்கு வந்த மோதல் தவிர்ப்பு விதிகள். சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை விளக்கு எரிய வேண்டும். பகலானாலும் மழையோ மூடுபனியோ கண்ணை மறைத்தால் எரிய வேண்டும்.

படகின் முன்முனையான அணியத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து தன் பக்கமாக 112.5 பாகை மட்டும் தெரிய வேண்டும். பின்முனையான அமரத்தில் பின்னோக்கி எரியும் வெள்ளை விளக்குக்கு 135 பாகை. மூன்றையும் கூட்டினால் 360 வரும். ஒரு வட்டம், இடைவெளி கிடையாது. எதிரே வருகிறவனுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்தால், நம் படகு அவனுக்கு இடப்பக்கமாகப் போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் நேரே அவன்மீது வருகிறோம். இந்தக் கணக்கு எல்லாம், விளக்குக்கு மறைப்பு சரியாக இருந்தால்தான். மறைப்பில்லாத சிவப்பு பல்பையும் பச்சை பல்பையும் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டால், எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் இரண்டும் தெரியும். பார்க்கிற ஒவ்வொருவனும் படகு தன்னை நோக்கித்தான் வருகிறது என்று நினைப்பான். நம் கரைகளில் இப்படிக் கட்டிய படகுகள் நிறைய.

நம் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் 28 முதல் 32 அடி, அதாவது 12 மீட்டருக்கு உட்பட்டவை. இவற்றுக்கு விதி சலுகை தருகிறது. சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று, அதற்கு ஒரு மீட்டராவது கீழே பச்சை, சிவப்பு. வெள்ளை 2 கடல் மைலும் பக்க விளக்குகள் 1 கடல் மைலும் தெரிந்தால் போதும். பச்சையையும் சிவப்பையும் ஒரே கூட்டில் அடைத்து அணியத்தின் நடுவில் வைக்கலாம். 7 மீட்டருக்குக் குறைவான, 7 கடல் மைல் வேகத்தைத் தாண்டாத படகுக்கு வெள்ளை மட்டுமே போதும் என்று இன்னொரு சலுகையும் உண்டு. முடிந்தால் பக்க விளக்கும் வைக்கச் சொல்கிறது. இந்த இரண்டாம் சலுகையைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். 7 மீட்டர் என்பது 23 அடி. முப்பதடிப் படகு அதில் வராது. துடுப்பு போடும், பாய் விரிக்கும் சிறு கட்டுமரத்துக்கு விதி கேட்பது கைக்கெட்டும் இடத்தில் ஒரு டார்ச். மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே அதைக் காட்ட வேண்டும், கடைசி நிமிடத்தில் அல்ல.

இனி, அதிகம் தவறு நடக்கிற இடத்துக்கு வருவோம். வழிவலை விட்டுவிட்டு இன்ஜினை அணைத்து, நீரோட்டத்தோடு மிதந்து கிடக்கிறது படகு. ஆட்கள் கண்ணயர்கிறார்கள். மேலே ஒரு வெள்ளை விளக்கு. படகில் இருப்பவர்கள் கணக்கில் அது 'நின்றுகொண்டிருக்கிறது'. விதியின் கணக்கில் அது ஓட்டத்தில் இருக்கிறது. நங்கூரம் தரையைப் பிடிக்காத எந்தப் படகும் ஓட்டத்தில் இருப்பதுதான். ஒற்றை வெள்ளையைத் தூரத்தில் பார்க்கும் கப்பல்காரருக்கு அது நங்கூரமிட்ட படகாக இருக்கலாம், முன்னால் போகும் படகின் பின்விளக்காக இருக்கலாம், சின்னஞ்சிறு படகாகவும் இருக்கலாம். அடியில் நீண்டு கிடக்கும் வலை மட்டும் அவர் நினைவுக்கு வராது. வலையையோ நீளத் தூண்டிலையோ விட்டுக் கிடக்கும் படகு காட்ட வேண்டியது, சுற்றிலும் தெரியும் இரண்டு விளக்கு: மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இழுவலை போடும் விசைப்படகுக்கு மேலே பச்சை, கீழே வெள்ளை. வலை 150 மீட்டரைத் தாண்டிக் கிடந்தால், சிவப்பும் வெள்ளையும் காட்டும் படகு, வலை போகும் திசையில் இன்னொரு வெள்ளையும் காட்ட வேண்டும். இதற்குப் பலனும் உண்டு. வலையால் திரும்ப முடியாமல் கிடக்கும் மீன்பிடிப் படகுக்கு இன்ஜினில் ஓடும் கப்பல் விலகிப்போக வேண்டும் என்கிறது விதி. அந்த உரிமையை இருட்டில் கோரும் வழி இந்தச் சிவப்பு விளக்கு. அது இல்லாமல், விலகவில்லையே என்று பிறகு வாதாடுவது கடினம்.

நங்கூரம் போட்டால் ஒரே வெள்ளை, சுற்றிலும் தெரியும்படி. சரி. ஆனால் நங்கூர விளக்கின் தேவை நடுக்கடலைவிடக் கரையோரத்தில் அதிகம் என்பது என் எண்ணம். ராமேஸ்வரம் போன்ற இடங்களில் படகுகளைக் கரைக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்துகிறார்கள். அங்கே மோதப்போவது கப்பல் அல்ல, இருட்டோடு திரும்பி வரும் பக்கத்து ஊர்ப் படகு. ஆளில்லாத படகில் யார் விளக்கு போடுவது என்று கேட்பார்கள். பகலில் சூரிய ஒளியில் சார்ஜ் ஏறி, இருட்டியதும் தானே எரியும் விளக்குகள் கடையில் கிடைக்கின்றன.

இப்போது அந்தப் பகல் வெளிச்சத்துக்கு வருகிறேன். விளக்கு போட்டு மீன்பிடிப்பதை 2017இல் மத்திய அரசு தடைசெய்துவிட்டது. நான் பேசுவது அதை அல்ல, சாதாரண வேலை வெளிச்சத்தை. தளத்தில் எரியும் பெரிய எல்இடி, பக்கத்தில் இருக்கும் பச்சையையும் சிவப்பையும் விழுங்கிவிடும். ஓட்டுகிறவரின் கண்ணையும் கெடுக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண் எதிரே வரும் கப்பலைத் தவறவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, பல நிறத்தில் மினுக்கும் அலங்கார விளக்கு. விலை குறைவு, தூரத்திலிருந்தே தெரியும், ஆகவே பாதுகாப்பு என்று வாங்கிக் கட்டுகிறார்கள். தெரிவதென்னவோ உண்மை. தெரிந்து என்ன பயன்? சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி மினுக்கும் ஒன்று படகா, வலை மிதவையா, வருகிறதா போகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மின்னும், சுழலும் பிரகாச விளக்குகளைத் தவிர்க்கும்படி விதியே சொல்கிறது. தேவையான ஒளியோ மிகச் சிறிதுதான். தெளிவான இரவில் 2 கடல் மைல் தெரிய 4.3 கேண்டெலா போதும்; நாலைந்து மெழுகுவர்த்திகளின் ஒளி. அதை உயரத்தில், யாரும் எதுவும் மறைக்காத இடத்தில் வைப்பதுதான் வேலை. ஆளும் பெட்டியும் பாயும் மறைக்கும் இடத்தில் எவ்வளவு பெரிய விளக்கை வைத்தாலும் வீண்.

பேட்டரி தாங்காது என்ற பழைய காரணமும் இப்போது செல்லாது. 12 வோல்ட்டில் 25 வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் 20 ஆம்பியர்-மணிக்கு மேல் தின்னும். அதே வேலையைச் செய்யும் 3 வாட் எல்இடிக்கு இரண்டரை போதும். ஆனால் பழைய சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடியைச் செருகாதீர்கள், நிறம் திரிந்துபோகும். மலிவான சில எல்இடிகள் வயர்லெஸ் கருவியிலும் இரைச்சலைக் கிளப்பும். இதைப்பற்றி 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கையே விடுத்தது. விளக்கை அணைத்துப் போட்டு, இரைச்சல் கூடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கப்பல் மோதுவது வெறும் பயமல்ல. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பால் கப்பல் மோதிய விசைப்படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்தினர். 2021 ஏப்ரல் 13 அதிகாலை, மங்களூருக்கு மேற்கே, கேரளத்தின் பேப்பூரிலிருந்து போன படகும் ஒரு சரக்குக் கப்பலும் மோதின. படகில் 14 பேர்; பாதிப்பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உயிருடன் மீட்கப்பட்டவர்கள் இரண்டு பேர். இந்தப் படகுகளில் விளக்கு எப்படி இருந்தது என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. கண்விழித்துப் பார்க்கும் கடமை கப்பலுக்கும் உண்டு, அதில் அவர்கள் தவறுவதும் உண்டு. ஆனால் மோதினால் போவது யார் உயிர் என்பதில் சந்தேகமில்லை.

மீன்வளத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகுகளின் ஆண்டு ஆய்வு அப்போதுதான் நடக்கிறது. அதிகாரிகள் வருவது பகலில். ஒவ்வொரு படகுத்துறையிலும் ஒரு நாள், பொழுது சாய்ந்த பின் வாருங்கள். படகுக்காரர்கள் விளக்கைப் போட்டுக் காட்டட்டும். சிவப்பும் பச்சையும் எங்கிருந்து தெரிகின்றன, எங்கே மறைகின்றன என்று சுற்றி நடந்து பாருங்கள். சரியில்லாத படகுக்கு அபராதம் போடுவதற்குப் பதில், மானியத்தில் ஒரு நல்ல விளக்குக் கூட்டைக் கொடுங்கள்.