கயாக், கட்டுமர மீன்பிடிப்பில் கடல் நோய்

கடல் நோய் என்பது அலையில் ஆடும் படகில் இருப்பவருக்கு ஏற்படும் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், சோர்வு ஆகியவற்றின் தொகுப்பாகும். பேருந்திலும் மலைப்பாதையிலும் சிலருக்கு வரும் பயண ஒவ்வாமையும் இதே வகையைச் சேர்ந்ததே. பெரிய கப்பலில் இது பெரும்பாலும் ஓரிரு நாள் தொல்லை மட்டுமே. நோயுற்றவர் படுத்துக்கொள்ளலாம், கப்பல் தன் வழியில் போகும். ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டுச் செல்லும் கயாக்கிலோ கட்டுமரத்திலோ நிலைமை வேறு. அங்கே படகை ஓட்டுபவரும் மீன் பிடிப்பவரும் கரை சேர்ப்பவரும் அவர் ஒருவரே. அவர் சோர்ந்தால் படகும் நின்றுவிடும். எனவே, சிறு படகில் கடல் நோய் உடல்நலம் பற்றிய செய்தியாக மட்டுமன்றி, உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய செய்தியாகவும் ஆகிறது.

இக்கட்டுரை தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பகுதியையும், அதற்குத் தெற்கே உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி வரை நீளும் நெல்லைக் கடற்கரையையும் முன்வைத்து இதனை விளக்குகிறது.

கட்டுமரமும் கயாக்கும்

கட்டுமரம் என்பது எடை குறைந்த மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆங்கிலத்தில் வழங்கும் 'கேட்டமரான்' என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. இதில் நீர் தேங்குவதில்லை. மேலே ஏறும் அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கயாக் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் உருவாக்கிய வேட்டைப் படகு. இன்று மீன்பிடிக்கப் பயன்படும் நெகிழி கயாக்குகளில் பல, மேலே அமர்ந்து ஓட்டும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் தட்டில் நீர் வடியும் துளைகள் உண்டு. ஆகவே, அமைப்பில் வேறுபட்டாலும் பயன்பாட்டில் இரண்டும் நெருங்கியவை. இரண்டிலும் ஆள் நீர்மட்டத்தை ஒட்டியே அமர்கிறார். சிற்றலையும் உடலை ஆட்டுகிறது. சாய்ந்து கொள்ளவோ படுக்கவோ இடமில்லை.

கண்ணாடியிழைப் படகுகளும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் பரவியபின் நெல்லைக் கரையில் கட்டுமரங்கள் குறைந்துவிட்டன. எனினும், கட்டுமரத்தில் பழகியோர் கைக்கொண்ட முறைகள் பல, புதிதாகக் கயாக்கில் இறங்குவோருக்கும் பொருந்துகின்றன.

காரணம்

உட்காதில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு ஒன்று உள்ளது. அதிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. நுண்ணிய சுண்ணக் கற்களைத் தாங்கிய இரு பைகள் தலையின் சாய்வையும், மேலும் கீழும் நகர்வதையும் உணர்கின்றன. கண், தசை, மூட்டு ஆகியவையும் தத்தம் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. தரையில் இவை அனைத்தும் ஒன்றையே சொல்லும். கடலில், மடியிலுள்ள தூண்டில் முள்ளைப் பார்க்கும் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. உட்காதோ 'உடல் ஏறி இறங்குகிறது' என்கிறது. இந்த முரண்பாடே கடல் நோய்க்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உட்காதின் சமநிலை உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்குக் கடல் நோய் வருவதில்லை என்பது இதற்கு வலுவான சான்று.

அலையின் வேகமும் இதில் பங்கு வகிக்கிறது. ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவே மிகுதியான குமட்டலைத் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே அமைகின்றன.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. பள்ளி வயதில் மிகுந்து, வளர்ந்தபின் படிப்படியாகக் குறையும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். துணிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வினும், பிரித்தானியக் கடற்படைத் தலைவர் நெல்சனும் கடல் நோயால் துன்பப்பட்டவர்களே.

மீன்பிடிக்கும்போது ஏன் மிகுகிறது

துடுப்புப் போடும்வரை நன்றாக இருந்தவர், தூண்டில் போட நின்றதும் குமட்டலை உணர்வது வழக்கம். துடுப்புப் போடுபவரின் பார்வை தொலைவில் இருக்கும். அடுத்த அசைவை அவர் உடல் எதிர்பார்த்திருக்கும். பேருந்து ஓட்டுநருக்கு வராத குமட்டல் பயணிக்கு வருவதும் இதனாலேயே. படகு நின்றபின் அலை பக்கவாட்டில் அடித்து அதை உருட்டுகிறது. குனிந்து நரம்பில் முடிச்சுப் போடுவது, முள்ளில் இரை கோப்பது, கைப்பேசியையோ மீன் காட்டும் கருவியின் திரையையோ உற்றுப் பார்ப்பது ஆகியவை கண்ணைத் தொடுவானிலிருந்து பிரிக்கின்றன. வெயிலும் இரை மீனின் வாடையும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

நெல்லைக் கடலின் இயல்பு

மன்னார் வளைகுடா ஆண்டு முழுதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன் உள்ள இடைக்காலத்தில் கடல் அமைதியாக இருக்கும். பழைய முத்துக்குளிப்பும் பங்குனி, சித்திரையை ஒட்டிய அமைதிக் காலத்திலேயே நடந்தது. புதியவர் பழகுவதற்கு ஏற்ற பருவமும் இதுவே.

ஆனால் இதே பருவத்தில் 'கள்ளக்கடல்' வருவதும் உண்டு. தொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் கேரளக் கரையிலும் தென் தமிழகக் கரையிலும் வந்து மோதுவதையே இப்பெயர் குறிக்கிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் சிறு படகுகளைக் கடலில் இறக்கக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்குக் காற்று விசையுடன் வீசும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இதுவே. உவரி, இடிந்தகரை போன்ற ஊர்களின் கரை தென்கிழக்கை நோக்கியிருப்பதால், இக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோர நீர் தட்டையாகவும் அமைதியாகவும் தோன்றும். வெளியே போகப் போக அலை வளரும். போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்க்கும். குமட்டலால் துடுப்பை நிறுத்தியவரின் கயாக் நிற்கும் இடத்திலேயே நிற்பதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் கரையைவிட்டு விலகுகிறது. இக்கரையில் கடல் நோயின் உண்மையான ஆபத்து வாந்தியில் இல்லை, இந்த விலகலில்தான் உள்ளது.

புறப்படும் முன்

முந்தைய இரவு நன்கு உறங்க வேண்டும், மது கூடாது. வெறும் வயிறும் நிறைந்த வயிறும் ஒருசேரத் தொல்லை தரும். புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி, கஞ்சி போன்ற எளிய உணவு போதும். எண்ணெய்ப் பலகாரமும் காரமும் தவிர்க்கத்தக்கவை. முடிச்சுகள் அனைத்தையும் கரையிலேயே போட்டு, முள்ளும் ஈயக்குண்டும் பூட்டிய நரம்புகளைச் சுற்றி எடுத்துச் சென்றால் கடலில் குனியும் வேலை பாதியாகக் குறையும். இரையையும் கரையிலேயே நறுக்கி மூடிய டப்பாவில் வைக்கலாம்.

இஞ்சி அல்லது சுக்கு குமட்டலை ஓரளவு தணிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த காப்பி இப்பகுதியில் எளிதில் கிடைக்கும், அதனால் தீங்கில்லை. மணிக்கட்டில் அழுத்தம் தரும் பட்டைகளின் பயன் உறுதியாக நிறுவப்படவில்லை.

மருந்துகள்

சின்னரிசின், மெக்லிசின், புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் ஆகியவை வழக்கமான மாத்திரைகள். இவற்றைக் குமட்டல் தொடங்குமுன் உட்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கியபின் மாத்திரை வயிற்றில் தங்குவதில்லை. ஸ்கோபொலமின் பட்டை காதின் பின்புறம் ஒட்டப்படுவது; குறைந்தது 4 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும்; 3 நாள் வரை பயன் தரும். கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீர் கழிப்பதில் தடை உள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று.

இம்மருந்துகள் தூக்கத்தையும் மந்தத்தையும் தரக்கூடியவை. தனியே துடுப்புப் போடுபவருக்கு அரைத்தூக்கம் கடல் நோய்க்குக் குறைவான ஆபத்தன்று. எனவே, மருத்துவரைக் கேட்டு, முதலில் கரையில் இருக்கும் ஒரு நாளில் உட்கொண்டு விளைவைப் பார்த்த பின்பே கடலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கடலில் தொடங்கிவிட்டால்

முதல் அறிகுறிகள் கொட்டாவி, உமிழ்நீர் சுரத்தல், குளிர்ந்த வியர்வை, முகம் வெளிறுதல், பேச விருப்பமின்மை. இந்நிலையிலேயே செயல்பட வேண்டும்.

* தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டும். படகின் முகப்பை அலைக்கு நேராகத் திருப்பி மெல்ல நகர்ந்தால் உருளல் குறையும்.
* பார்வையைத் தொடுவானிலோ கரையிலோ நிறுத்த வேண்டும். மீன் கிடைக்கும் பார்களை அடையாளம் காண, தேவாலயக் கோபுரத்தையும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து பார்ப்பது மீனவர் வழக்கம். இடம் அறிய எழுந்த அவ்வழக்கம் கண்ணையும் தொலைவிலேயே வைத்திருக்கிறது.
* தலையை அடிக்கடி திருப்பக் கூடாது. தலையிலும் பிடரியிலும் நீர் ஊற்றி வெப்பத்தைத் தணிக்கலாம்.
* வாந்தி வந்தால் பக்கவாட்டில் சாயக் கூடாது. கயாக் கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான். கால்களுக்கு நடுவிலேயே வாந்தி எடுத்து, கடல்நீர் ஊற்றிக் கழுவிவிடலாம். துளைகள் வழியே அது வெளியேறிவிடும்.
* வாந்திக்குப்பின் நீரைச் சிறுசிறு மிடறாகக் குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்த நீர் இழப்பை ஈடுசெய்யும்.

உயிர்காப்பு அங்கியைக் குமட்டலின்போதும் கழற்றக் கூடாது.

திரும்பும் முடிவு

ஒரு வாந்திக்குப்பின் சிறிது நேரம் உடல் தெளிந்ததுபோல் இருக்கும். இத்தெளிவை நம்பி மீன்பிடிப்பைத் தொடர்வதே பலர் செய்யும் தவறு. அந்த இடைவெளி கரை திரும்புவதற்கு உரியது. கரையில் அலை உடையும் இடத்தைக் கடக்க வலுவும் கவனமும் தேவை. அவற்றை மிச்சம் வைத்தே திரும்ப வேண்டும். காற்று கரையிலிருந்து வீசும் நாளில் முதல் அறிகுறியிலேயே திரும்புவது நல்லது. புதியவர்கள் இருவர் இருவராகச் செல்வதும், புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்வதும் நன்று. கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பழகுதல்

தொடர்ந்து கடலில் இருப்பவருக்கு இரண்டு மூன்று நாட்களில் மூளை புதிய அசைவைக் கற்றுக்கொள்கிறது, குமட்டல் அடங்குகிறது. நீண்ட இடைவெளி விட்டால் இப்பழக்கம் மங்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, ஸ்ரீவைகுண்டம் போன்ற ஆற்றங்கரை ஊரினர், தாமிரபரணியின் அமைதியான நீரில் துடுப்பையும் கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறுவதையும் கற்கலாம். ஆனால் ஆற்றில் அலையின் ஏற்ற இறக்கம் இல்லாததால், உட்காதுக்கு அங்கே பயிற்சி கிடைப்பதில்லை. அதனைக் கடலிலேயே பெற வேண்டும்: முதலில் அரைமணி நேரம், பின் ஒரு மணி நேரம் எனச் சிறிது சிறிதாக, குமட்டல் முற்றுமுன் கரை ஏறிப் பழகுவதே ஏற்ற முறை.

கரை ஏறியபின் சில மணி நேரம் தரை ஆடுவதுபோல் தோன்றலாம். கடலுக்குப் பழகிய மூளை மீண்டும் தரைக்குப் பழகுவதன் அடையாளம் இது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே நீங்கும். நீங்காமல் நீடித்தாலோ, கரைக்கு வந்தபின்னும் வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ மருத்துவரை அணுக வேண்டும்.