எஞ்சினைப் பிரிக்குமுன்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னி வீதிகளில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவியது, றிங்குகள் தேய்ந்தன, கார் பாரம் இழுக்க மறுத்தது.

அப்படியொரு கார் இன்றும் உங்கள் முற்றத்தில் நின்றால், காசு கொடுக்குமுன் நீங்களே சோதிக்கலாம். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். கியர் நியூற்றலில் இருக்கட்டும். கொயில் வயரையும், ஒன்றைத் தவிர மற்றப் பிளக்குகளையும் கழற்றி ஹாண்டிலைச் சுற்றுங்கள். பெருவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். ஹாண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு. நான்கு சிலிண்டரையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது லேசாகச் சுற்றுகிறதோ, குறை அதில்.

முதலில் அதன் ரப்பெற் இடைவெளியைப் பாருங்கள். இதை மறந்து ஹெட்டைக் கழற்றுபவர்களே அதிகம். அது சரியென்றால், பிளக் துவாரத்தால் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் சுற்றுங்கள். இறுகினால் றிங் தேய்வு. இறுகாவிட்டால் வால்வு, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் தளர்ந்திருந்தால் ஹெட் கஸ்கற். வால்வுக்கு ஹெட்டைக் கழற்றினால் போதும். றிங்குக்குப் பிஸ்டனையே வெளியில் எடுக்கவேண்டும். கூலி பேசும்போது இது நினைவிலிருக்கட்டும்.